ஓன் ஆகாத கம்பியூட்டரும் ஏழாம் இலக்கமும்

1.

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் கம்பியூட்டரைத் திருத்த வந்த ஷிப்லி மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னது. (ஷிப்லி அவருடைய சொந்தப் பெயர் அல்ல. மற்றப் பெயர்களையும் மாற்றிவிட்டேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.)

முதல் தொடக்கம்: 2007 ஆனி மாதம், கொழும்பு வெள்ளவத்தையில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு

மழையே பெய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயில். பயந்த மனிதனைப் பற்றி எழுதத் தொடங்கினால் என் கை தானாக மழையைக் கொண்டுவந்துவிடுகிறது. கெட்ட பழக்கம்.

2.

யோகநாதனுக்கு அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம். அவர் மனைவி அருந்ததி, வெள்ளை வான் வண்டியில் ஏற்றப்பட்டுக் காணாமல் போன பிள்ளைகளின் விபரங்களைத் தாய்மாரிடம் கேட்டுக் கேட்டுக் கம்பியூட்டரில் அடித்து வைத்திருந்தாள். இருபத்துமூன்று பேர். திங்கள் காலை அச்செடுத்து விசாரணை ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். ஏழாம் இலக்கம் அவளுடைய சொந்தத் தம்பி. அதற்கு நேரே, 'கண்ட சாட்சி' என்ற கட்டத்தில், யோகநாதனின் பெயர். பேக்கரி வாசலில் வைத்து மைத்துனனை ஏற்றியதை அவர் ஒருவர்தான் கண்டார்.

ஞாயிறு காலை கம்பியூட்டர் ஓன் ஆகவில்லை. காரணத்தை ஒளித்துவைத்து உங்களை அலைக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. முதல் நாள் பின்னேரம் அருந்ததி கோயிலுக்குப் போயிருந்தபோது யோகநாதன்தான் உள்ளே ஒரு வயரைக் கழற்றிவிட்டார்.*

* பெட்டியைத் திறக்க அவருக்குப் பழக்கியது ஒரு சிப்பாய். சுற்றிவளைத்து வீடுவீடாகத் தேடியபோது வந்தவன், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு, அவரைக் கொண்டே ஸ்க்ரூவெல்லாம் கழற்றுவித்தான். ஒன்றுமில்லை என்று கண்டதும் "ஹரி, வஹன்ன" என்று சிங்களத்தில் மூடச் சொல்லிவிட்டுப் போனான்.

3.

அருந்ததி கூப்பிட்டு வந்த ஷிப்லி முதலில் சுவர் பிளக்கைப் பார்த்தார். "கரண்ட் ஈக்கி." அங்கே குறையில்லை. பவர் வயரை மாற்றினார். ராம் அட்டையைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போட்டார். ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்தினார். ஒவ்வொரு முறையும் யோகநாதன் ஓரடி பின்னால் நகர்ந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு நெஞ்சோடு நிற்கவில்லை, இரண்டு தரம் கக்கூசுக்குப் போய்வந்தார்.

"பழசுதானே, எரிஞ்சுபோச்சுப் போல. விடுங்கோ தம்பி," என்றார் யோகநாதன்.

"விடேலாது," என்றாள் அருந்ததி. "நாளைக்கு ஒம்பது மணிக்குக் குடுக்கோணும். தாய்மார் வந்து வாசல்ல நிப்பினம்."

(இந்த இடத்தில் யோகநாதனைக் கோழை என்று ஒரு வரி எழுதி, வெட்டினேன். மைத்துனனை ஏற்றியவர்கள் வான் கதவை மூடுமுன் அவருடைய முகத்தையும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நானென்றால் கம்பியூட்டரையே கடலில் போட்டிருப்பேன்.)

4.

ஷிப்லி டோர்ச் அடித்துக் குனிந்தார். இரண்டு விரலால் மெல்லிய வயர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"மிஸ், இது பழுதில்ல. பட்டன்ட வயர். தானாக் கழண்டு வராது. ஆரோ கழட்டி ஈக்கிறாங்க."

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

"கொழுவினா ஓன் ஆகும். கொழுவவா?"

அருந்ததி வயரைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தாள். கத்துவாள் என்றுதான் எழுத நினைத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள். "உங்கட பேரை எடுத்துவிடுறன். தம்பிக்குச் சாட்சி இல்லையெண்டு போடுறன். மற்ற இருபத்திரண்டு பிள்ளையளையாவது விடுங்கோ."

5.

முடிவு அ: "என்ர பேர் இருக்கட்டும்" என்று யோகநாதன் வயரைத் தானே வாங்கிக் கொழுவுகிறார். (எழுதும்போதே எனக்குக் கைதட்டல் கேட்டது. அதனால் நம்பவில்லை.)

முடிவு ஆ: அவர் தலையாட்டுகிறார். அருந்ததி ஏழாம் இலக்கத்துக்குப் போய்ப் பின்னாலிருந்து அழிக்கிறாள். யோகநாத. யோகநா. யோக

என்னால் முடியவில்லை.

உண்மையில் என்ன நடந்தது என்று ஷிப்லி சொன்னார். சொல்லி முடித்து, கடைசி ஸ்க்ரூவையும் முறுக்கிவிட்டு, "சேர், நான் சென்னதெண்டு போட வாணாம்," என்றார். சரி என்றேன். அப்படியானால் யார் சொன்னதாகப் போடுவது? என் பெயரில்தான் போடவேண்டும். இரண்டு கிழமையாகத் தாள் மேசையில் கிடக்கிறது. முடிவையும் எழுதவில்லை, தலைப்பின் கீழே என் பெயரையும் எழுதவில்லை.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதினால் கீழே பெயரைப் போடுங்கள். முழுப் பெயர், வீட்டு விலாசத்தோடு.