ஒன்பதுக்கு எட்டு

பன்னிரண்டு வருடம் நகர மன்றத்தைக் கையில் வைத்திருந்த கட்சி, ஒன்பதுக்கு எட்டு என்று ஒரே ஒரு இடத்தில் ஆட்சியைப் பறிகொடுத்தது. அந்த இடம் மன்றத் தலைவியுடையது. பதினான்கு ஓட்டில் அவளைத் தோற்கடித்தவள் வேறு யாருமில்லை, சொந்த நாத்தனார்.

மறுநாள் காலை அவள் அறையைக் காலி செய்யப் போனபோது, கதவிலிருந்த பெயர்ப் பலகையை ஊழியர் ஒருவர் கழற்றிக்கொண்டிருந்தார். நேற்றுவரை ஓடிவந்து வணக்கம் வைத்தவர், இன்று திருப்புளியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே, அவளுடைய நாற்காலியில் நாத்தனார்.

"பதவியேற்க இன்னும் நாலு நாள் இருக்கு. எந்திரி."

"ஒத்தாசைக்கு வந்தேன் அண்ணி. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பட்டறைக்கு நீங்க புல்டோசர் அனுப்பினீங்களே, அந்த மாதிரி."

தலைவிக்குச் சுருக்கென்றது. நடைபாதையை மறித்த கடைகளை இடிக்கக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். நாத்தனார் புருஷனின் பட்டறை முகப்பும் அதில் போயிற்று.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்படியா? உங்க கட்சிக்காரங்க கடை மூணும் இன்னும் நடைபாதையிலதானே நிக்குது?"

தலைவி இழுப்பறையிலிருந்த கண்ணாடிக்கூடு, மாத்திரை, கோப்பை எல்லாவற்றையும் பெட்டியில் அள்ளிப் போட்டாள்.

"எனக்கு விழுந்த ஓட்டுல ஒண்ணு அண்ணன் போட்டது" என்றாள் நாத்தனார்.

"வாயை மூடுடி!"

"நம்பலைன்னா கீழே போய்க் கேளுங்க."

கீழே கணவன் காரில் இருந்தான். பெட்டியை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"யாருக்குப் போட்டீங்க?"

அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே, "அன்னிக்கு இடிக்க வேண்டாம்னு கால்ல விழாத குறையா கெஞ்சினேன். நீ போனை வச்சுட்ட" என்றான்.

"கேட்டதுக்குப் பதில்."

"அவளுக்குத்தான்."

"மூணு மாசம் என்கூட வீடு வீடா ஏறி இறங்கினீங்களே!"

"புருஷனா வந்தேன். ஓட்டு என்னோடது."

அவள் பெட்டியை இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். கார் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

"ஏறும்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். உங்க தங்கச்சியை ஏத்திக்கிட்டுப் போங்க."

பஸ்ஸில் நேரே கட்சி அலுவலகம் போனவள், அங்கிருந்தே தேர்தல் அதிகாரிக்கு மறு எண்ணிக்கை கேட்டு மனுக் கொடுத்தாள். எண்ணினார்கள். வித்தியாசம் பதினேழாக ஏறியது. மாதம் முடிவதற்குள் தனி வீடு பார்த்துப் போனாள்.