ஏழாவது வீட்டு சாஸேஜ்

1

இந்தக் கதை என் அறச்சீற்றத்தில் பிறந்தது என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாக இருக்கும். உண்மையில் பிறந்தது வாயில் இருந்த சாஸேஜில். மென்றுகொண்டே எங்கள் ஊர் வாரப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதினேன்: ‘சுகாதார ஆய்வாளருக்கு என் சமையலறையில் என்ன வேலை?’ நல்ல காரமான கட்டுரை. சாஸேஜும் காரம்தான்.

கட்டுரைக்குக் காரணம் என் கதவில் ஒட்டிய உத்தரவு. பக்கத்து வீட்டுத் திஹோமிரின் மகள் சென்கா, கண் இமை வீங்கி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பன்றி இறைச்சியில் இருந்த புழு. உடனே எங்கள் தெருவுக்கு மட்டும் அவசரநிலை. அதன்படி ஆய்வாளர் விதோசாவா எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், எந்த இறைச்சியையும் எடுத்துப் போகலாம், யாருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். கேட்டால் சொல்லியாக வேண்டும்.

2

இந்தக் கதைக்கு முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘பூட்ஸ் சத்தம் தெருவை அதிரவைத்தது. இரண்டு போலீஸ்காரர்கள் புடைசூழ அந்த அம்மாள் கதவை’

(வாக்கியத்தை முடிக்கவில்லை. அழிக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் விதோசாவா படித்துவிட்டாள்.)

“எழுத்தாளரே, எனக்கு முட்டி வலி. பூட்ஸ் போட்டா வாசப்படி ஏற மாட்டேன். போலீஸ் எங்க வந்துச்சு? இருக்கிற ஒரு ஜீப்பும் ரிப்பேர்ல கிடக்கு.”

“கதைக்கு வில்லன் வேணாமா?”

“அதான் புழு இருக்கே. பத்தலையா?”

அவளை வில்லியாக்க எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

3

உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பஸ் டிரைவர் ராதிசாவ் மிகுந்த மரியாதையோடு இரண்டு சாஸேஜைக் கொடுத்தார். மீதிப் பதினொன்று வாஷிங் மெஷினுக்குள் இருந்தன.

“துணி தோய்க்கிறீங்களா, ராதிசாவ் அண்ணே? புகையும் மிளகாயும் மணக்குதே!”

“புது சோப்பும்மா.”

திறக்கச் சட்டம் அனுமதித்தது. திறந்தாள், எடுத்துப் போனாள். மறுநாள் தெருவிலிருந்த சாஸேஜ் மொத்தமும் பரணுக்கும் டிராக்டர் சீட்டுக்கு அடிக்கும் போய்விட்டது. அதிகாரம் இருந்தது, சாஸேஜ்தான் கிடைக்கவில்லை.

* ஒரு அடிக்குறிப்பு, இதை மேலேயே வைக்கிறேன். குளிர் தொடங்கியதும் வீட்டில் பன்றி அறுக்கிறவர்கள் நாங்கள். அறுத்ததும் ஒரு துண்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, ‘நல்லது’ என்று சீட்டு வாங்கிய பிறகே சாஸேஜ் போடுவோம். திஹோமிர் அறுத்தது இரண்டு, காட்டியது ஒன்று. “ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்க, ஒரே தொட்டியில தின்னதுங்க. ஒண்ணைப் பார்த்தா ரெண்டையும் பார்த்த மாதிரிதானே?” சிரிக்காதீர்கள். போன வருஷம் நானும் அப்படித்தான் செய்தேன்.

அந்த இரண்டு பன்றியையும் கலந்து போட்ட சாஸேஜை திஹோமிர் ஏழு வீடுகளுக்குக் கொடுத்திருந்தார். எந்த ஏழு? சொல்ல மாட்டேன் என்றார்.

“கொடுத்ததைச் சொல்லிக் காட்டுற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல. ஜெயில்ல போடுறதுன்னா போடுங்க.”

“உங்களைப் போட்டு நான் என்ன பண்ண? புழு சதைக்குள்ள போறதுக்கு முன்னாடி மாத்திரை போட்டாத்தான் நல்லா கேக்கும். தின்னவங்க யாருன்னு தெரியாம மாத்திரையை யார் வாயில போடுவேன்?”

இதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்ததைச் சாப்பிட்டு ஐந்து நாள். என் மனைவி குரோஸ்தானா என்னைவிட இரண்டு துண்டு அதிகம் சாப்பிட்டிருந்தாள். வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் கட்டுரை அச்சாகி, ஊரே கைதட்டிக்கொண்டிருந்தது. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

4

இந்த இடத்தில் ஒரு ரெய்டு எழுதி வைத்திருந்தேன்: பரண்கள் உடைகின்றன, பெண்கள் அழுகிறார்கள். கிழித்துப் போட்டேன். நடந்தது ரொம்பச் சாதாரணம்.

விதோசாவா பேக்கரி முன்னால் ஒரு மேசை போட்டு நுண்ணோக்கியை வைத்தாள். எல்லாவற்றையும் பறிக்க அதிகாரம் இருந்தும் இப்படிச் சொன்னாள்: “ஒவ்வொரு சாஸேஜ்லயும் ஒரு துண்டு கொண்டாங்க. அமிலத்துல கரைச்சு, உங்க கண்ணு முன்னாடியே பார்ப்போம். நல்லதுன்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. கெட்டதுன்னா எனக்கு. ஒளிச்சு வச்சதுக்கு யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

மத்தியானம் வரை ஒரு ஈ காக்கை இல்லை. பிறகு ராதிசாவ் ஒரு வாளியோடு வந்தார்.

“இன்னும் இருந்துச்சா!” என்றாள்.

“டிரையர்லம்மா.”

தெருவே சிரித்தது. அதன் பிறகு வரிசை பேக்கரியைச் சுற்றி வளைந்தது. நல்லதென்று தெரிந்த சாஸேஜைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் திஹோமிர் வந்தார். தன் துண்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, நுண்ணோக்கிக்குள் குனிந்து பார்த்தார்.

“சுருண்டு படுத்திருக்கு,” என்றார். “ஐயோ, என் பிள்ளைக்கு நானே ஊட்டிவிட்டேனே!”

விதோசாவா அவர் தோளில் கை வைத்தாள். “சென்கா இன்னைக்கு சூப் குடிச்சா. உப்பு பத்தலன்னு சண்டை போட்டா. பொழைச்சுட்டா, திஹோமிர்.”

அப்புறம் அவரே பேர் சொல்லத் தொடங்கினார். ஆறு பெயர்கள் வரிசையாக வந்தன. ஏழாவதில் நின்று, என்னைப் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்தார். என் கட்டுரையைப் பாராட்டித்தான் அந்த சாஸேஜையே... இல்லை, அதற்கு முன்னாலேயே கொடுத்தார். கதைக்காகப் பொய் சொல்லப் பார்த்தேன், மன்னியுங்கள்.

5

முடிவுகள்:

(அ) அவர் என் பேரைச் சொல்லிவிடுகிறார். ஊர் சிரிக்கிறது.

(ஆ) சொல்லவில்லை. நான் நல்ல பேரோடு வீட்டுக்குப் போகிறேன். குரோஸ்தானாவுக்கு அடுத்த வாரம் இமை

(இந்த வாக்கியத்தை என்னால் எழுத முடியாது.)

(இ) விதோசாவா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். கட்டாயப்படுத்தச் சட்டம் அவள் பையிலேயே மடித்துக் கிடக்கிறது. அதை எடுக்காமல், பட்டியலையும் பேனாவையும் என் பக்கம் தள்ளுகிறாள். “எழுத்தாளரே, உங்க கையெழுத்து நல்லா இருக்கும். ஏழாவதை நீங்களே எழுதிடுங்களேன்.”

எது நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை; உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். குரோஸ்தானா சமையலறையிலிருந்து கூப்பிடுகிறாள். சாப்பிட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் மாத்திரை போட வேண்டும்.