சகலையின் டர்போ

பெரிய மாப்பிள்ளை பதினெட்டு வருடமாக மெக்கானிக். சின்ன மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருப்பவர். ஆனால் மாமனார் வீட்டில் காரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாத் தலையும் மருந்துக்கடைக்காரர் பக்கம்தான் திரும்பும். புத்தகத்தைப் புரட்டிப் புரட்டியே இன்ஜினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் பெரிய டர்போவைத் தன் காருக்குத் தானே மாட்டியவர் ஆயிற்றே! "சின்னவர் கை பட்டா இரும்புகூடப் பேசும்" என்று மாமனார் ஒருநாள் சொன்னபோது, மெக்கானிக்குக்கு வாயில் வைத்த சோறு இறங்கவில்லை.

அந்தக் கார் ஒரு சனிக்கிழமை காலை திக்கித் திணறி அவன் பட்டறை வாசலில் வந்து நின்றது. அவனுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

"மிதிச்சா இழுக்க மாட்டேங்குது, சகலை. மூச்சடைச்ச மாதிரி அப்படியே நிக்குது. பிளக் மாத்திட்டேன், ஹோஸ் எல்லாம் பாத்துட்டேன். மூணு வாரமா தலையைப் பிச்சுக்கிறேன்."

"விட்டுட்டுப் போங்க. பாக்கிறேன்."

ஸ்கேனரை மாட்டியதுமே தெரிந்துவிட்டது. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கிற சென்சார் தாறுமாறாகக் கணக்குச் சொன்னது. கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த மெல்லிய கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு. அளவாகத் தடவ வேண்டிய எண்ணெயை ஏர் ஃபில்டரில் சகலை வாரி இறைத்திருக்கிறார். ஸ்பிரே அடித்துக் கழுவியும் பயனில்லை. விரலால் தட்டினால் ஸ்கேனரில் எண் குதித்தது. அதே மாதிரிச் சென்சார் ஒன்று அலமாரியில் இருந்தது. அதை மாட்டி ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான்.

மிதித்ததும் கார் பாய்ந்தது. ஒரு திக்கல் இல்லை, ஒரு இடறல் இல்லை. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. அப்படி ஒரு வண்டியை அவன் வாழ்நாளில் ஓட்டியதில்லை. திரும்பி வந்து பானட்டைத் தூக்கிப் பார்த்தான். ஒவ்வொரு வயருக்கும் ஒரு சீட்டு, மருந்துப் பாட்டிலில் ஒட்டுவதைப் போலப் பொடி எழுத்தில். எந்தக் கிளிப்பும் கோணவில்லை. குறை சொல்ல ஓரிடம் தேடினான். கிடைக்கவில்லை.

அங்கேதான் அவன் புத்தி கெட்டது. நல்ல சென்சாரைக் கழற்றினான். பழுதானதையே திரும்ப மாட்டினான். போனை எடுத்தான்.

"டர்போ போச்சு, சகலை. எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு, கம்பெனில வந்த மாதிரியே ஆக்கிடலாம். அதுவரைக்கும் ஓட்டாதீங்க."

சாயங்காலம் சகலை வந்தார். டாஷ்போர்டுக்கு அடியில் தாம் பொருத்தியிருந்த சின்னப் பெட்டியிலிருந்து ஒரு மெமரி கார்டை உருவிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். அந்தப் பெட்டி அங்கே இருந்ததையே மெக்கானிக் கவனித்திருக்கவில்லை.

மறுநாள் காலை, கையில் லேப்டாப்போடு வந்தார்.

"நேத்து பதினொன்னே காலுக்கு என்ன மாத்தினீங்க?"

"எதுக்குக் கேக்கிறீங்க?"

"வண்டி ஓடுறதையெல்லாம் அந்தப் பெட்டி பதிவு பண்ணும். இருபது நிமிஷம் காத்துக் கணக்கு எல்லாம் சுத்தமா இருக்கு. டர்போ முழு அழுத்தம் குடுத்திருக்கு. செத்த டர்போ எப்படிக் குடுக்கும்?"

திரையில் கோடு வழுவழுவென்று மலையேறி இறங்கியிருந்தது. பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது, மனசுதான் இல்லை.

"டர்போவுக்கு ஒண்ணுமில்ல. சென்சார்தான். வேற மாட்டி ஓட்டினேன். அப்புறம் நானே கழட்டிட்டேன்."

"ஏன்?"

"வயித்தெரிச்சல்."

சகலை லேப்டாப்பைப் பட்டென்று மூடினார். "அடப்பாவி! ஒரு வருஷ உழைப்புய்யா அது! ராத்திரி பூரா தூங்கலை, எங்க தப்பு பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு... மாட்டுங்க அதை. என் கண் முன்னாடி மாட்டுங்க."

மாட்டினான். திருகும் ஒவ்வொரு திருகையும் சகலை பார்த்துக்கொண்டே நின்றார். ஃபில்டர் எண்ணெயைப் பற்றி அவன் சொன்னதற்கு மட்டும் தலையசைத்தார். போய்விட்டார்.

பட்டறையை ஒட்டிய வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவன் மனைவிக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. "என் தங்கச்சி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றாள். "எங்கப்பாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

ஒரு வாரம் தள்ளிப்போட்டான். பிறகு போனான். ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தான். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். திட்டப்போகிறார் என்று இவன் காத்திருந்தான்.

"அப்ப, சின்னவர் மாட்டின டர்போ நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டார்.

செய்த தப்பை ஒப்புக்கொண்டதைவிட இதற்குப் பதில் சொல்வதுதான் அவனுக்குக் கடினமாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு, மாமா," என்றான். "நான் மாட்டியிருந்தா அவ்வளவு நல்லா வந்திருக்காது."