ஆறு மணி ஹாரன்

இன்னும் வராத புதன்கிழமையை பிரபாவதி 'இன்று' என்று சொன்னாள்.

"ஊர்ப் பொதுமக்களுக்கு அறிவிப்பு. இன்று புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு அம்மன் வீதியுலா. தெருவில் நிற்கும் பைக், சைக்கிள், ஆட்டோ எல்லாவற்றையும் ஓரம் கட்டிக்கொள்ளவும்."

ஆம்ப்ளிஃபையரில் பதிவுப் பொத்தானை அணைத்தாள். அதில் செருகியிருந்த பென் டிரைவின் விளக்கு ஒருமுறை மின்னி நின்றது. எழுந்து வாசல்வரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அடுத்தது வியாழன்.

திங்கட்கிழமை. இரவு எட்டு மணிக்குக் கோயம்புத்தூர் பஸ். புதன்கிழமை காலையில் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையில் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவோம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். இங்கே நாளைக் காலை ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். கட்டிவிட்டால் கூழ் ஊற்றி முடியும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியே இரவு தங்கக் கூடாது.

இன்றே கிளம்பினால் காப்பு அவளைத் தடுக்காது. மைக் தடுத்தது.

அவர்கள் காலனிக்கு ஒரு பக்கம் டவுன்ஷிப் காம்பவுண்டுச் சுவர். ஒரு பக்கம் சுரங்கத்து மண்மேடு. மற்ற இரண்டு பக்கமும் சுரங்கத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். அதன் மேல் ஒரு சின்னப் பாலம். டவுன்ஷிப் ஆட்டோக்காரர்கள் அந்த இடத்தைத் தீவு என்பார்கள். "தீவுக்கா? திரும்பி வர சவாரி கிடைக்காதும்மா" என்று கூடுதலாகக் கேட்பார்கள்.

தீவில் எது நடந்தாலும் மாலை ஆறு மணிக்கு ஹாரன் ஒலிபெருக்கியில் சொல்லியாக வேண்டும். தண்ணீர் வரும் நேரம், கரண்டு நிற்கும் நேரம், ரேஷனில் பருப்பு வந்தது, யார் ஆடு காணவில்லை, யார் வீட்டில் விசேஷம். பல வருஷம் அதைச் சொன்னவர் பிரபாவதியின் அப்பா பழனிவேல். பரம்பரையாகக் கூலி வேலை செய்த குடும்பம். நிலம் இல்லை, கோயிலில் முறை இல்லை. மைக் வந்த பிறகு கூழில் முதல் குவளை அந்த வீட்டுக்கு என்று ஆனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழனிவேலின் தொண்டையில் கட்டி. அறுவை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பிரபாவதி பேசுகிறாள்.

அவள் போய்விட்டால் மைக்கைத் தன் தம்பி வீட்டுக்கு மாற்றலாம் என்று கோயில் தலைவர் மதிவாணன் சொல்லியிருந்தார். அதனால்தான் இந்தப் பதிவு. திருவிழாவின் பத்து நாளுக்கும் பேசி வைத்துவிட்டால் தினமும் ஆறு மணிக்கு அப்பா பொத்தானை அழுத்துவார். மைக் வீட்டிலேயே இருக்கும்.

வியாழன் முடிந்தது. வெள்ளியும் முடிந்தது. சனிக்கிழமைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அன்று திருவிழாவில் ஒன்றும் இல்லை.

"எம் பசு சனிக்கிழம கன்னு போடும். போட்டுடுச்சுன்னு சொல்லிடு" என்றாள் மாரியம்மாள். எதிர் வீட்டுக்காரி. காலையிலிருந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"போடலைன்னா?"

"என் மாடு உன்ன மாதிரி கிடையாது. சொன்ன நாளுக்கு எது செய்யணுமோ அத செய்யும்."

பழனிவேல் சத்தமில்லாமல் சிரித்தார். கழுத்தின் ஓட்டையில் கட்டியிருந்த துணி ஆடியது.

மதியம் மதிவாணன் வந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் பஸ் ஓட்டுகிறவர். காலை ஷிப்ட் முடித்து காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். பதிவு செய்ததையெல்லாம் போட்டுக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது. சாவு?"

"என்ன சித்தப்பா?"

"பந்தக்கால் நட்ட பிறகு ஒரு சாவு வுழுந்தா உடனே ஹாரன்ல சொல்லணும். சொன்னாத்தான் கோயில்ல அடுப்ப அணைப்பாங்க. பொணத்த எடுத்த பிறகுதான் பத்த வைப்பாங்க. அத யாரு சொல்லுவா? உங்கப்பனா?"

"யாராவது ஓடிப் போய் சொல்லட்டும்."

"மைக்குல சொல்லாத சாவுக்கு எந்த ஊர்ல அடுப்ப அணைச்சிருக்கு?"

"யார் சாவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரையும் பேசி வச்சிடு" என்றாள் மாரியம்மாள். "எம் மாமனார மொதல்ல பேசு. இழுத்துக்கினு கெடக்குறாரு. இனிஷியல் ஆர். வுட்டுட்டா செத்த பிறகும் சண்டைக்கு வருவாரு."

மதிவாணன் சிரிக்கவில்லை. "அது சரியாத்தான் இருக்குது. முடியாதவங்க நாலஞ்சு பேரு. அவங்கள பேசிட்டுப் போ. இல்லன்னா என் தம்பி பேசட்டும்" என்றார்.

அவர் போன பிறகு பிரபாவதி துணிப்பையை எடுத்து அவிழ்த்தாள். எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி மடித்து வைத்தாள். தண்ணீர் குடித்தாள். பாலம்வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. வாய்க்கால் தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

திரும்பி வந்து மாரியம்மாளின் மாமனாரை முடித்தாள். கடைசி வீட்டுச் சக்கரை நோய்க்காரரை முடித்தாள். டயாலிசிஸுக்குப் போய்வரும் தையல்காரரைப் பேசும்போது மட்டும் நாக்கு ஒருமுறை தடுக்கியது. அவர் காலையில்தான் அவள் சுடிதாரின் கையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்திருந்தார். மறுபடி பேசினாள்.

"முடிஞ்சுது" என்றாள்.

பழனிவேல் இல்லை என்று தலையசைத்தார். கழுத்துத் துணிமேல் ஒரு விரலை அழுத்தினார். அப்படி அழுத்தினால் காற்றாக நாலைந்து வார்த்தை வரும். வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் புரியும்.

"ஒண்ணு வுட்டுட்ட."

"யாரு?"

அதே விரலை எடுத்துத் தன் நெஞ்சைத் தொட்டார்.

"அதெல்லாம் முடியாதுப்பா."

"இன்னும் ஆறு மாசத்துல மறுபடி கட்டி. டாக்டர் சொன்னாரு. நீயும் கேட்டுக்கினுதான் இருந்த."

"வரலாம்னு சொன்னாரு. வரும்னு சொல்லல."

"பத்து நாளுக்குத்தான். பேசு."

அவள் எழுந்து பின்பக்கம் போனாள். காயப்போட்ட துணியை எடுத்தாள். அதில் பாதி ஈரமாக இருந்தது. மறுபடி காயப்போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம், டவுன்ஷிப்பின் இருபத்தோராவது வட்டத்து ரோட்டில், ஷிப்ட் பஸ் ஒன்று போகும் சத்தம் கேட்டது. அம்மா தனம் அந்த வட்டத்தில் ஒரு குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. ஏழு மணிக்கு வந்து பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

பேசாவிட்டால் மதிவாணன் மைக்கை எடுத்துக்கொண்டு போவார். அப்பா மாலை நேரங்களில் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பார். பேசினால் அதைப் பேசிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். பேசாமல் இங்கேயே இருந்துவிட்டால் கோயம்புத்தூர் இல்லை. மூன்றையும் துணிக்கொடியின் முன்னால் நின்று யோசித்தாள். எதுவும் மாறவில்லை.

உள்ளே வந்தாள். அப்பா டீ போட்டுக் கையில் வைத்திருந்தார். அவளைப் பார்க்கவில்லை. அவள் மைக் முன்னால் வேகமாக உட்கார்ந்தாள். சுவிட்சைப் போட்டாள். ஒரே மூச்சில் பேசினாள்.

"ஊர்ப் பொதுமக்களுக்கு வருத்தத்துடன் அறிவிப்பு. நமது தெரு, மைக் செட் வீடு, கோ. பழனிவேல் அவர்கள் காலமாகிவிட்டார். உறவினர்களும் ஊராரும் இதையே நேரில் சொன்னதாக எடுத்துக்கொள்ளவும்."

மண்மேட்டில் பட்டு அவள் குரல் திரும்பி வந்தது. தினமும் இந்த நேரத்தில் அப்படி வரும். அதனால் முதலில் உறைக்கவில்லை. பதிவுப் பொத்தானை அணைக்கக் கையை நீட்டினாள். அது அழுத்தப்படவே இல்லை. பக்கத்தில் ஹாரன் சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மணி ஆறு. இரண்டு வருஷமாக ஆறு மணிக்கு உட்கார்ந்தவுடன் கை எந்த சுவிட்சுக்குப் போகுமோ அதற்கே போயிருந்தது.

பழனிவேல் டீ டம்ளரை வாயருகே வைத்தபடி அவளைப் பார்த்தார்.

முதலில் வந்தது மாரியம்மாள். மாரில் அடித்துக்கொண்டே வாசலைத் தாண்டினாள். "எங்கண்ணா, போயிட்டியே" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அட கடங்காரா. டீ குடிச்சிக்கினு இருக்க?"

பின்னால் பத்துப் பதினைந்து பேர். யாரோ ஒருவர் அதற்குள் ஒரு மாலையே வாங்கி வந்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மதிவாணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். லுங்கியில் இருந்தார்.

"கோயில்ல அடுப்ப அணைச்சிட்டாங்க" என்றார். "பந்தக்கால்ல கட்டுன மாவிலைய அவுத்துட்டாங்க. நாளைக்கு எப்படிக் காப்புக் கட்டறது?"

"கை மறந்து போட்டுட்டேன் சித்தப்பா."

"அம்மன் காதுல வுழுந்துடுச்சே."

"ஆளு உசுரோட உக்காந்துகினு இருக்காரு. எந்த அம்மனும் வந்து பாக்கட்டும்" என்றாள் மாரியம்மாள். "செத்ததா சேதி வந்தா ஆயுசு கூடும்னு உனக்குத் தெரியாதா? உன் பெரியப்பனுக்கு அப்படித்தான் ஆச்சு. அதுக்கப்புறம் ரெண்டு கல்யாணம் பண்ணாரு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிரபாவதி மைக்கை இழுத்தாள். "நான் இப்பவே மாத்திச் சொல்லிடறேன்."

"நீ பேசாத" என்றாள் மாரியம்மாள். குரலில் விளையாட்டு இல்லை. "சாவச் சொன்ன வாயி. அதே வாயி இல்லன்னு சொன்னா எடுபடாது. தாலி யாரு கழுத்துல இருக்குதோ அவ சொல்லணும்."

மதிவாணன் ஆமாம் என்றார். அப்போதுதான் தனம் எங்கே என்று எல்லோரும் பார்த்தார்கள்.

தனம் பாலத்தில் ஓடி வந்துகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமும் ஹாரன் கேட்கும். கையில் சோப்பு நுரை காயாமல் இருந்தது. செருப்பு இல்லை. கூட்டம் வழிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அவள் உள்ளே வந்து பழனிவேலைப் பார்த்தாள். கிட்டே போய் அவர் கழுத்துத் துணியில் கை வைத்தாள். காற்று வந்து போவதைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகு நேரம் மூச்சு வாங்கினாள்.

"யாரு சொல்லச் சொன்னது?"

பழனிவேல் தன்னைத் தொட்டுக் காட்டினார்.

"பொண்ணு வேலைக்குப் போற அன்னிக்கி?"

அவர் விரல் கழுத்துக்குப் போகவே இல்லை.

மதிவாணன் விஷயத்தைச் சொன்னார். தனம் கையைப் புடவையில் துடைத்தாள். மைக்கின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அதை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியவில்லை. மிகவும் கிட்டே பிடித்தாள். ஹாரன் கிறீச்சிட்டது. பிரபாவதி அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"நான் தனம் பேசறேன்" என்றாள். "எங்க வூட்டுக்காரரு நல்லா இருக்காரு. டீ குடிச்சிக்கினு இருக்காரு. பொண்ணு கை தவறிப் போட்டுடுச்சு. யாரும் அழ வேணாம். அழுதுகினு வந்தவங்க வூட்டுக்குப் போங்க."

நிறுத்தினாள். முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் மைக்கை விடவில்லை.

"அடுப்ப பத்த வைங்க. நாளைக்குக் காலைல காப்பு. தண்ணி அஞ்சு மணிக்கு வரும்."

"ஆறு" என்றாள் பிரபாவதி மெதுவாக.

"ஆறு மணிக்கு வரும். மாரியம்மா மாடு கன்னு போடப் போவுது. பாலு வேணும்னா முன்னாடியே சொல்லி வச்சிக்குங்க. அவ்ளோதான்."

சுவிட்சை அணைக்கத் தெரியாமல் பெட்டியைத் தடவினாள். பிரபாவதி அணைத்தாள்.

கூட்டம் கலைந்தது. மாலை வாங்கியவர் அதைக் கோயிலுக்கு எடுத்துப் போனார். மதிவாணன் மட்டும் நின்றார். "அப்ப மைக்க" என்று ஆரம்பித்தார்.

"மைக்கு இங்கதான் இருக்கும்" என்றாள் தனம். "சாயங்காலம் நான் பேசறேன்."

"சாயங்கால வூடு?" என்றாள் பிரபாவதி. "சுப்புலட்சுமி அம்மா நேரத்த மாத்த மாட்டாங்களே."

"கேட்டுப் பாக்கறேன்."

"மாட்டேன்னா?"

தனம் பென் டிரைவைப் பிடுங்கி மகளிடம் நீட்டினாள். "அதுல இருக்கிற சாவையெல்லாம் மொதல்ல அழி."

"மத்தது?"

"மத்ததையும்தான். புதன்கிழமைய நீ எதுக்கு இன்னிக்கே சொல்ற?"

மதிவாணன் தலையை ஆட்டிக்கொண்டு போனார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. நாளைக் காலை கோயிலில் தம்பியைக் கூட்டி வந்து நிறுத்தினாலும் நிறுத்துவார்.

பிரபாவதி பையை எடுத்தாள். அப்பாவிடம் என்ன சொல்வது என்று நின்றாள். அவர் கழுத்தில் விரலை வைத்தார். "நல்லாத்தான் பேசின. தெளிவா" என்றார். அவள் பாலம்வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் தனம் கூட வந்து நின்றாள். ஏழரைக்குப் பிரபாவதி அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். சுப்புலட்சுமி வீட்டில் பாதிப் பாத்திரம் தேய்க்காமல் கிடந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிரபாவதி இறங்கினாள். மறுபடி ஏறினாள். மறுபடி இறங்கினாள்.

"ஏம்மா, வர்றியா இல்லியா?" என்றார் கண்டக்டர்.

போன் அடித்தது. அம்மா.

"பிரபா. அந்த வீதியுலான்னு சொல்றியே, அத அப்படியேதான் சொல்லணுமா? எனக்கு வாயில நொழையல."

"சாமி வருதுன்னு சொல்லும்மா."

"சரி. பைக்க ஓரங்கட்டச் சொல்லணும்ல?"

"சொல்லணும்."

"சுப்புலட்சுமி அம்மா இன்னும் ஒண்ணும் சொல்லல. மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருக்காங்க. வச்சிடறேன்."

கண்டக்டர் விசில் ஊதினார். பிரபாவதி ஏறினாள். உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.