பொய்யடுப்பு

எங்க ஊர்ல எதுக்கும் அடுப்புதான் கணக்கு. நோன்புக் கஞ்சிக்கு அரிசி குடுக்கணுமா, அடுப்புக்கு இம்புட்டுன்னு குடுக்கணும். ஊரணியில தூர் அள்ளணுமா, அடுப்புக்கு ஒரு ஆள் வரணும். வீட்டுல இருபது பேர் இருந்தாலும் ஒரு அடுப்பு எரிஞ்சா ஒரு ஆள் வந்தாப் போதும். அதனால அடுப்பை ஒளிச்சு வைக்கிறதுதான் எங்க சனத்துக்குப் பழக்கம். கல்யாணமாகித் தனியா உலை வச்சவன்கூட, "நாங்க வாப்பாவோட சேர்ந்துதான் திங்கிறோம்"னு கூசாமச் சொல்லுவான்.

புயலுக்குப் பொறவு எல்லாம் தலைகீழாப் போச்சு.

கடல் ஏறி வந்து கரையோரக் கிணத்தையெல்லாம் உப்பாக்கிட்டுப் போயிருச்சு. தனுஷ்கோடிப் பக்கமிருந்து வீடு வாசலைப் பறிகுடுத்த சனம் வந்து எங்க பனங்காட்டுல ஓலைக்குடிசை போட்டுச்சு. பெத்த பிள்ளையைக் கடலுக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிறவகிட்ட, இங்கன தண்ணி இல்லைன்னு எந்த வாயால சொல்றது? எங்க வீட்டுலயும் சனத்துக்கு என்ன குறைச்சலா? எனக்கு அஞ்சு. என் ஓரகத்தி சாலிஹாவுக்கு ரெண்டு, மூணாவது வயித்துல. உச்சிப்புளியில இருந்து வர்ற நர்சம்மா, "அளவாப் பெத்துக்கக் கூடாதா மலிகா?"ன்னு ஒரு நாள் கேட்டாக. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "கொழும்புல கடையில இருக்காரு எம் மாப்பிள்ளை. வரும்போதெல்லாம் ஒன்னைக் குடுத்துட்டுப் போறாரு. அவருகிட்டப் போய்ச் சொல்லுங்கம்மா"ன்னேன். அந்தம்மா சிரிக்கல. வெயில்ல நடந்தே வந்தவுக, குடிக்கத் தண்ணி கேட்டாக. அரைச் செம்பு குடுத்தேன். அதுக்குமேல குடுக்க மனசு வரல.

குடிக்கிறதுக்கு இருந்தது ஒரே ஊரணி. எங்க தெருவும், கிழக்கால வெள்ளாமை செய்யிற சம்சாரிக தெருவும் சேர்ந்து வெட்டுனது. சித்திரை பொறக்குமுன்னயே தண்ணி அடிமட்டத்துக்குப் போயிருச்சு. ரெண்டு தெருப் பெரிய ஆளுகளும் கூடிப் பேசி, அடுப்புக்கு மூணு குடம்னு வச்சாக. காவலுக்குக் கூத்தையா. சம்சாரித் தெரு ஆளு, மழையில்லாம நிலம் தரிசாக் கெடந்ததால சும்மா இருந்தவரு. அவரு வீடு வீடா வந்து அடுப்புச் சாம்பல்ல கை வச்சுப் பார்ப்பாரு. சூடு இருந்தா வாசச் சுவத்துல ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைப்பாரு. ஒரு பொட்டுக்கு மூணு குடம்.

எங்க வீட்டுச் சுவத்துல ஒரே பொட்டு. மாமி, கொழுந்தன் சதக், சாலிஹா, நான், பிள்ளைக ஏழு. பதினோரு வாய்க்கு மூணு குடத்தை வச்சுக்கிட்டு என்னத்தைக் குடிக்க, என்னத்தை ஆக்க?

மாமிதான் அந்த யோசனையைச் சொன்னாக. "முத்தத்துல இன்னொரு அடுப்பு வைப்போம். சதக்கும் சாலிஹாவும் தனியாப் போயிட்டாகன்னு சொல்லுவோம். ஊரு கண்ணுக்குத்தானடி."

"பொய்யில்லையா மாமி?"

"தாகத்துக்குச் சொல்ற பொய்யை அல்லா மன்னிப்பான்."

எனக்குப் பாவத்தைவிட வேற பயம் இருந்துச்சு. சாலிஹா வெறும் ஓரகத்தி இல்ல, என் சாச்சி மக, எனக்குத் தங்கச்சி முறை. நான்தான் முன்ன நின்னு பேசி முடிச்சு இந்த வீட்டுக்குக் கொண்டாந்தேன். மாப்பிள்ளை கடல் தாண்டி இருக்க, எனக்குன்னு இந்த வீட்டுல இருந்தது அவ ஒருத்திதான். அந்தியில மஹ்ரிபு தொழுதுட்டு, நாங்க மூணு பொம்பளையும் ஒரே சஹனைச் சுத்தி உக்காருவோம். பெரிய தாம்பாளத்துல சோத்தைக் கொட்டி, மீனாணக் குழம்பை ஊத்தி, ஆளுக்கொரு பக்கமாப் பிசைஞ்சு திம்போம். எனக்குக் கடவாப் பல்லு ரெண்டும் போயிருச்சு. சாலிஹா மீன்ல முள்ளெடுத்துட்டு சதையை என் பக்கமாத் தள்ளி வைப்பா. அவ தள்ளுவா, நான் திம்பேன், அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கிட்டது கிடையாது.

"நீ தனியாப் போயிட்டா நான் என்னடி செய்வேன்?"னு வாய் விட்டே கேட்டுப்புட்டேன்.

அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. "மூணு கல்லை வச்சா நான் போயிருவேனா லாத்தா? உங்களுக்குக் கிறுக்குதான் புடிச்சிருக்கு!"

கல்லை வச்சோம். பனை மட்டையைக் கொளுத்தினோம். கூத்தையா வந்து சாம்பலைத் தொட்டாரு, ரெண்டாவது பொட்டு வச்சாரு. அன்னிக்கு ஆறு குடம் வந்துச்சு. பிள்ளைகளுக்குத் தலைக்கு நல்ல தண்ணி ஊத்தினோம். அதுகளுக்குப் பெருநா வந்த மாதிரி சந்தோசம்.

நமக்கு மட்டுந்தான் மூளை இருக்கா? எரியுற வீட்டுல புடுங்குனது ஆதாயம்னு ஊரே கெளம்பிருச்சு. மகனுக்கு ஒரு அடுப்பு, மருமகனுக்கு ஒரு அடுப்பு. சம்சாரித் தெருவுலயும் அதே கூத்துதான். பனங்காட்டுக் குடிசையில வந்தவுகளும் பார்த்துப் படிச்சுக்கிட்டாக. ஊருச் சுவரெல்லாம் அம்மை வார்த்த மாதிரி வெள்ளை வெள்ளையாப் பொட்டு.

பொய்யடுப்பா இருந்தாலும் நெருப்பு மெய்யா எரியணுமே! கூத்தையா எப்ப வந்து கை வைப்பாருன்னு தெரியாது. மட்டை தீர்ந்துச்சு, காஞ்ச சுள்ளி தீர்ந்துச்சு. பொறவு ஊரணிக்கரை உடைமரத்துல கை வச்சாக. மொதல்ல கிளை, அப்புறம் அடிமரம். நிழல் போச்சு, கரை மண்ணு சரிஞ்சு உள்ள விழுந்துச்சு, மிச்சத் தண்ணியை வெயில் குடிச்சுச்சு. அரிவாளோட போற ஒருத்தரையும் இன்னொருத்தர் தடுக்கல. தடுக்கப் போனா, "உன் வீட்டுல எத்தனை பொட்டு?"ன்னு கேப்பாகளே!

மூணு குடம் ரெண்டாச்சு. வைகாசி கடைசியில ஒன்னாச்சு. ரெண்டு அடுப்பு வச்சு ரெண்டு குடம். ஒரே அடுப்பு இருந்தப்ப வாங்குனது மூணு. இந்தக் கணக்கை நினைச்சு நான் தனியா உக்காந்து சிரிச்சிருக்கேன். அழுகுறதுக்கும் உடம்புல தண்ணி வேணும்ல?

இதுக்கு நடுவுல சாலிஹாவுக்கு ஆம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. சும்மா எரியுற நெருப்பை எத்தனை நாளைக்குப் பார்த்துக்கிட்டு இருக்குறது? பிள்ளை பெத்தவளுக்குக் கஷாயம் போடட்டுமேன்னு அந்த அடுப்புல ஒரு சட்டி ஏறுச்சு. அப்புறம் கஞ்சி, அப்புறம் மீன். அடுப்புக்கொரு குடமா வந்ததால, அந்தக் குடம் அந்த அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்துக்கிச்சு. யாரும் சொல்லி வைக்கல, அதுபாட்டுக்கு அங்கன போயிருச்சு.

என் கடைசிப் பயலுக்குக் காய்ச்சல் கண்ட அன்னிக்கு, என் குடத்துல மண்டிதான் கிடந்துச்சு. அவ குடத்துல இருந்து ஒரு செம்பு மோந்தேன்.

"கேட்டு எடுத்திருக்கலாம்ல லாத்தா? இங்கயும் பச்சைப் பிள்ளை இருக்கு."

"எம் வீட்டுல நான் ஆரைடி கேக்கணும்?"

அம்புட்டுதான் பேச்சு. ஆனா அன்னிக்குச் சஹனுக்கு அவ வரல. பிள்ளைக்குப் பால் குடுக்கணும்னா. மறுநாள் தலைவலின்னா. மூணாம் நாள் ஒன்னும் சொல்லல, நானும் கூப்பிடல. வீம்பு எனக்கு மட்டும் கம்மியா என்ன? மாமி பாவம், ஒரு வேளை இங்கன, ஒரு வேளை அங்கனன்னு தின்னாக. பிள்ளைகளுக்கு ரெண்டு பேருமே சொல்லி வச்சோம், அந்தப் பக்கம் போய்த் தண்ணி மோக்கக் கூடாதுன்னு.

ஆனியில பெரிய ஆளுகளுக்குப் புத்தி வந்துச்சு. பொய்யடுப்பையெல்லாம் கலைச்சா அடுப்புக்கு மறுபடி மூணு குடம் குடுக்கலாம்னு கணக்குப் போட்டுச் சொன்னாக. சாம்பலைத் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது, அதனால அவனவன் வாயால சொல்லணும். கூத்தையா ஈரத்துணியோட பொட்டழிக்க வர்றாருன்னு தெரிஞ்சதும் எனக்கு உசிரு வந்துச்சு. தண்ணி கெடக்கட்டும். அந்த மூணு கல்லைத் தூக்கி வீசிட்டா சாலிஹா எங்க போயிச் சமைப்பா? என் அடுப்புக்குத்தானே வரணும்! வீம்பும் கெடாம அவளும் வந்துருவா. பரண்ல கெடந்த சஹனை இறக்கிச் சாம்பல் போட்டுத் துடைச்சு வச்சேன்.

கூத்தையா வந்து முத்தத்துல நின்னாரு. தோள்ல பொட்டழிக்கிற துணி.

"சொல்லு தாயி. ரெண்டாவது பொட்டு மெய்யா, பொய்யா?"

"பொய்யடுப்புதான்ணே. அழிச்சிருங்க"ன்னு முந்திக்கிட்டுச் சொன்னேன். மாமியும் தலையாட்டுனாக. சாலிஹா பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு அவ அடுப்புக்கிட்ட உக்காந்திருந்தா. என்னைப் பார்த்தா. கண்ணுல பழைய சாலிஹா இருந்தான்னுதான் எனக்குப் பட்டுச்சு.

கூத்தையா துணியை எடுத்துச் சுவத்துக்கிட்டப் போனாரு. அந்நேரம் பார்த்து வெளிய விளையாடிக்கிட்டு இருந்த சாலிஹாவோட மூத்த மக கனி, மூச்சு வாங்க ஓடி வந்தா. என் குடந்தான் வாசலுக்குக் கிட்ட இருந்துச்சு. குவளையை உள்ள விட்டு மோந்து வாய்க்குக் கொண்டு போயிட்டா.

"ஏய் கனி! அதைக் குடிக்காத!" சாலிஹா உக்காந்த இடத்துல இருந்தே கத்துனா. "அது பெரியம்மா வீட்டுத் தண்ணி!"

கனி குவளையை இறக்குனா. ஒரு சொட்டும் சிந்தாம, திரும்பக் குடத்துக்குள்ளயே ஊத்துனா. நாலு வயசுப் பிள்ளை.

சாலிஹா வாயைப் பொத்திக்கிட்டா. சொன்ன பொறவுதான் அவளுக்கே காதுல விழுந்திருக்கு. குடிடி கண்ணுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கூத்தையா பொட்டுல துணியை வைக்கல. மறுபடி தோள்ல போட்டுக்கிட்டாரு. கோவமும் இல்ல, நக்கலும் இல்ல, வீடு வீடா ஏறி இறங்கி அலுத்த குரல்லதான் சொன்னாரு.

"இது மெய்யடுப்புத்தான் தாயி. காலையில இருந்து பார்த்த வீடெல்லாம் இப்படித்தான் இருக்கு. துணி காஞ்சு போச்சு, பொட்டுதான் அழியல."

அவரு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு. அடுப்புக்கு அதே ஒரு குடந்தான் நின்னுச்சு.

மஹ்ரிபு தொழுதுட்டு மாமி கேட்டாக, "சஹனை எடுக்கவா?"ன்னு.

"ரெண்டு பேருக்கு எதுக்கு மாமி சஹன்? தட்டு போதும்"னேன்.

அன்னிக்குச் சூடை மீனு, முள்ளு அதிகம். நானே ஒன்னொன்னா எடுத்துப் போட்டுட்டுத் தின்னேன்.