முந்நூறு அடி மனு

எங்கள் கடைத்தெருவில் எவ்வளவு அவசரமானாலும் அதை முகத்தில் காட்ட மாட்டோம். வேண்டியது ஒரு பங்கு என்றால் மூன்று பங்கு கேட்போம். எதிராளி வெட்டி வெட்டி, நாம் நினைத்த இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துவார். நான் கயிறு விற்கிறவன். பால்குடி மறந்ததும் நான் கற்றது இதைத்தான்.

எதிர்க்கடைத் தையல்காரி என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். கூடப்பிறந்தவளில்லை, ஆனாலும் இருபது வருஷமாக அப்படித்தான். அதனால் அவள் புருஷன் எனக்கு மாப்பிள்ளை. சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. தினமும் காலை பத்து மணிக்குத் தடியைத் தட்டிக்கொண்டு கடைக்கு வருவார். தடவிப் பார்த்தே பித்தான் தைப்பார்.

"மச்சான், உங்க கயிறு வாசனை மூக்குல ஏறினதும் எட்டு எட்டு வச்சா எங்க கடை. கடையைக் கிடையை மாத்திடாதீங்க, நான் வேற எவ வீட்டுக்காவது போயிடுவேன்" என்பார்.

சாக்கடை அந்த எட்டு எட்டை ஒட்டித்தான் ஓடியது. தூர் வார வந்தவர்கள் மூடியிருந்த சிமெண்டுச் சிலாப்புகளைப் பெயர்த்து உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நாற்பது அடி, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூட மண்டபத்தில் மக்கள் சபை கூடும். யாரும் மனு கொடுக்கலாம், யாரும் பேசலாம். கை தூக்கி முடிவெடுப்போம். சாக்கடையை மூடித் தரச் சொல்லித் தையல்காரி மனு எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள்.

"என்ன தங்கச்சி, நாற்பதுன்னே எழுதிட்டே? நாற்பது கேட்டா பத்து தருவாங்க. முந்நூறுன்னு போடு."

"எனக்கு நாற்பதுதானே அண்ணே வேணும்?"

"கடைசியில நாற்பதுல வந்து நிப்போம். அப்புறம் இது என்ன, 'என் கணவருக்குப் பார்வை இல்லை'ன்னு? நம்ம அவசரம் தெரிஞ்சா தலைமேல ஏறி உக்காந்துக்குவாங்க. அதை அடிச்சிடு."

அவளுக்கு மனசில்லை. பக்கத்திலிருந்த பூட்டுக்கடைக்காரர் எனக்குச் சிபாரிசு செய்தார்: "அவர் சொல்றதைக் கேளும்மா. மாமியார்கிட்டயே பேரம் பேசிக் கல்யாணத்தை முடிச்ச ஆளு."

நானே புது மனு எழுதினேன். தெருவின் அழகு, போக்குவரத்து வசதி என்று என்னென்னவோ சேர்த்தேன். மாப்பிள்ளையை அன்றைக்கு மட்டும் வீட்டிலேயே இருக்கச் சொன்னதும் நான்தான்.

சபைச் செயலாளர் குரலை உயர்த்தாத அம்மாள். மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதனால யாருக்காவது தனியா கஷ்டம் இருக்கா?"

தையல்காரி எழப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பொதுவா தெருவுக்கே வேணும்."

"நூறு அடிக்கு மேலன்னா நாம முடிவு பண்ண முடியாது. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிடுவோம்."

இதுதான் முதல் வெட்டு என்று நினைத்துச் சாய்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வார்த்தை அவர் வாயிலிருந்தே வரட்டும். ஆனால் கைகள் உயர்ந்தன, முத்திரை விழுந்தது, அவர் தெருவிளக்கு மனுவைக் கையில் எடுத்துவிட்டார்.

"அம்மா, ஒரு நிமிஷம். நீங்க எவ்வளவு அடி தருவீங்க, அதைச் சொல்லுங்க."

"அது முடிஞ்சுதுங்களே" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. சாக்கடை எது, தெரு எது என்று கண்ணுள்ளவர்களுக்கே தெரியவில்லை. கயிற்றுச் சுருள்கள் நனையாமலிருக்க எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தியிருந்தேன். வாசனை வெளியே போக வழியில்லை. தடி மட்டும் மிதந்து வந்து பூட்டுக்கடைப் படியில் முட்டியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் கடைக் கயிற்றைக் கட்டித்தான் மாப்பிள்ளையை மேலே இழுத்தோம். உயிர் எப்போதோ போயிருந்தது.

அடுத்த சபையில் ஒரு நிமிஷம் எல்லாரும் எழுந்து நின்றோம். உட்கார்ந்ததும் செயலாளர் பழைய மனுவை மேஜைமேல் வைத்துத் தையல்காரியைப் பார்த்தார்.

"பார்வை இல்லாதவங்க நடக்கிற வழின்னா, அளவே பாக்காம ஒரு வாரத்துல மூடணும்னு விதி இருக்கும்மா. அதுக்குத்தான் அன்னைக்குக் கேட்டேன். ஏன் சொல்லல?"

பேரத்தில் முதலில் வாய் திறப்பவன் தோற்பான். நான் வாயைத் திறக்கவில்லை.

தையல்காரி எழுந்தாள். "சொல்லணும்னுதான் வந்தேன். கயித்துக்கடைக்காரர் வேணாம்னுட்டார்."

இருபது வருஷத்தில் அவள் என்னை அண்ணன் என்று சொல்லாதது அன்றுதான்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

அதைக் குறிப்பேட்டில் எழுதினார். எழுதி முடித்ததும் ஏட்டை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடச் சொன்னார்.