மூன்றாம் ஓலை

“டீச்சரம்மா, இந்த ‘கோ’வுக்கும் ‘வென்ட்’டுக்கும் முகத்துல ஒரு ஜாடையும் இல்லையே. தத்து எடுத்த பிள்ளையா?” என்று கேட்டார் அப்பாத்துரை.

புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த சாரம்மாள் சிரித்துவிட்டாள். அவள் மகள் சாலோமி சிரிக்கவில்லை.

“ஆமா. வேற சொல்லுக்குச் சொந்தமா இருந்தது. இங்கன வந்து ஒட்டிக்கிட்டு. காரணம் கேக்காம மனசுல வச்சுக்கிடணும்” என்றாள்.

அப்பாத்துரை பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் முன்ஷி. யாப்பும் அணியும் கரைத்துக் குடித்தவர். ஆங்கிலப் பரீட்சை தேறாத முன்ஷிக்கு இனி மேல்வகுப்பு கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் முப்பத்தைந்து வயதில் சிலேட்டும் கையுமாக வண்ணார்பேட்டையில் சாலோமி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். சாலோமி பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள்.

“பாதிரி ஐயருக்கும் ‘ஹீ’, அவுக வண்டிக்காரனுக்கும் ‘ஹீ’. மரியாதை கெட்ட பாஷை” என்று முணுமுணுத்தார்.

“பரீட்சையில மரியாதைக்கு மார்க் கிடையாது. ‘ஹேஸ் கம்’னா என்ன?”

“வந்தான்.”

“இல்ல. வந்திருக்கான். ஆள் இங்கன நிக்கான். ‘நேத்து’ன்னு வாக்கியத்துல வந்துட்டா ‘ஹேஸ்’ போடக்கூடாது. ‘கேம்’தான்.”

குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பாடம் சொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. இலக்கணம் அவளிடம் எதையும் விசாரிப்பதில்லை.

போன வருஷம் அவளுக்கும் சத்தியநேசனுக்கும் கலியாணம் நிச்சயமாகி, கோவிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை அறிந்தவர் உண்டானால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சபையில் அறிவித்த பிறகுதான் கலியாணம். இரண்டாம் ஓலை வாசித்த வாரத்தில் காலரா வந்தது. மூன்றாம் ஞாயிறு அதே கோவிலில் அவனுக்கு அடக்க ஆராதனை நடந்தது.

அன்று முதல் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கொதிக்கிற சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் இறக்கி வைத்துவிட்டு, சிவந்த உள்ளங்கையை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பாத்துரையும் மனைவியை இழந்தவர்தான். ஐயர் மூலமாகப் பெண் கேட்டார். சாரம்மாள் மகளிடம் சொன்னபோது, “சரி” என்றாள். இன்னும் கொஞ்சம் ரசம் விடவா என்று கேட்டாலும் அதே “சரி”தான். அது சம்மதமா என்று தாய்க்குத் தெரியவில்லை. இருந்தாலும் போய் இருவர் பேரையும் ஓலைப் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டு வந்தாள். வருகிற ஞாயிறு முதல் ஓலை.

பாடம் முடிந்து எழுந்த அப்பாத்துரை வாசலில் தயங்கினார்.

“உங்களுக்கு மனசுல சம்மதந்தானா?”

“சரின்னு சொல்லியாச்சே.”

“சொன்னது தெரியும்” என்றார். மேலே கேட்காமல் ஆற்றுப் பாலத்தைப் பார்க்க நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் திசையன்விளைக்குப் போயிருந்தார். போன மாதந்தான் மாற்றலாகி வந்த உபதேசியார் எலியேசர் ஆராதனை நடத்தினார். முடிவு பெறாத ஓலைகளைத் தேடி வாசிப்பது அவர் வழக்கம். புத்தகத்தைப் புரட்டியபோது போன வருஷத்துப் பக்கத்தில் சாலோமி என்ற பேரும், மூன்றாம் ஓலைக்கு நிரப்பப்படாத ஓர் இடமும் கண்ணில் பட்டன. கணீரென்று வாசித்தார்.

“சத்தியநேசனுக்கும் சாலோமிக்கும் விவாகம் நியமிக்கப்பட்டிருக்கிறது. இவர்கள் சேருவதற்குத் தடை அறிந்தவர் உண்டானால் சொல்லலாம். இது மூன்றாம் முறை.”

கோவிலில் விசிறிகள் நின்றன. சாரம்மாள் பதறி எழப்போனாள். சாலோமி அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“பேசாம இரும்மா. முடிக்கட்டும்.”

ஆண்கள் பக்கத்தில் அப்பாத்துரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். யாரும் எழவில்லை. உபதேசியார் புத்தகத்தை மூடிவிட்டுப் பாட்டு எண்ணைச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் சாரம்மாள் சுளகைத் தரையில் வைத்துவிட்டு அழுதாள். “செத்தவன் பேரோட ஓலை முடிஞ்சிட்டேட்டி! இனி எந்த ஆம்பளை இந்தப் படி ஏறுவான்?”

அப்பாத்துரை சிலேட்டோடு படியேறினார்.

“உபதேசியார் விஷயம் தெரிஞ்சு நேத்து எங்க வீட்டுல வந்து ஒரே அழுகை. காப்பி போட்டுக் குடுத்து அனுப்பினேன். எங்க அக்காதான் சகுனம் சரியில்லங்கா. அவ கெடக்கா” என்று சொல்லி உட்கார்ந்தார்.

சாலோமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க ஏன் எந்திரிச்சுச் சொல்லல? தப்பா வாசிக்காருன்னு தெரியும்லா?”

“தெரியும்.” அவர் சிலேட்டின் மரச்சட்டத்தைத் துணியால் துடைத்தார். “நான் எந்திரிச்சு, ஆள் இல்லைன்னு சபையில சொல்லணும். அந்த மனுசனை ரெண்டாந்தடவை குழியில இறக்கின மாதிரி ஆயிரும். எனக்கு மனசு வரல.” துணியை மடித்து வைத்து, “நம்ம ஓலை வேண்டாம்னா சொல்லிருங்க. பாடத்துக்கு மட்டும் வாரேன். அதுல எனக்குக் குறை ஒண்ணுமில்ல” என்றார்.

சாலோமி கையை நீட்டினாள். சிலேட்டை வாங்கி, அவர் எழுதி வந்ததில் இருந்த பிழைகளைத் திருத்தினாள். ‘நேற்று’க்குப் பக்கத்தில் மறுபடியும் ‘ஹேஸ்’ இருந்தது. அடித்தாள். மூன்றாம் ஓலை என்று உபதேசியார் சொன்ன குரல் இன்னும் காதில் இருந்தது. ஒரு வருஷமாக வாசிக்காமல் நின்றது வாசித்து முடிந்துவிட்டது. துக்கம் வரவில்லை. ஆனால் எதற்கோ காத்துக்கொண்டே இருந்த உணர்ச்சி போயிருந்தது. அது இல்லாததை இப்போதுதான் கவனித்தாள்.

சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து குடையை எடுத்தாள்.

“எங்கட்டி போகுத?” என்றாள் சாரம்மாள்.

“ஐயர் வந்தாச்சான்னு பாத்துட்டு வாரேன். ஓலைப் புத்தகத்துல எங்க பேரை நீதான எழுதின? அதை அடிச்சிட்டு நானே எழுதப் போகுதேன்.”

அப்பாத்துரை எழுந்து நின்றார்.

“நீங்க இருங்க. நான் வாரதுக்குள்ள ‘வென்ட்’ வச்சுப் பத்து வாக்கியம் எழுதி வையுங்க.”

“பத்தா?”

“தத்துப் பிள்ளையக் கூடுதலாத்தான் கவனிக்கணும்.”

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. சொன்னது விளையாட்டுதான் என்று மற்ற இருவருக்கும் புரியக் கொஞ்சநேரம் ஆயிற்று. அதற்குள் அவள் தெருவில் இறங்கியிருந்தாள். சாயங்காலமாகியும் புழுதி சுட்டது. சாலோமி காலை வெடுக்கென்று எடுத்து, ஓரமாக நிழல் பார்த்து நடந்தாள்.